திறப்பருகே ஒரு மஞ்சள் குச்சி

தண்ணீரை முகர்ந்து பார்த்தே ஆழம் சொல்லிவிடுவார் சர்வேயர். இது அவரே சொல்லிக்கொள்வது. ஒருமுறை ஓர் ஏரியை முகர்ந்துவிட்டுப் பதினேழு அடி மூன்று அங்குலம் என்றாராம். கயிறு விட்டு அளந்தால் பதினேழு அடிதான் வந்ததாம். கயிற்றின் முனையில் கட்டிய குண்டு போய் உட்கார்ந்தது ஓர் ஆமையின் முதுகில், அந்த ஆமையின் உயரம் சரியாக மூன்று அங்குலமாம். முப்பத்தாறு வருடம் நிலம் அளந்து ஓய்வுபெற்றவருக்கு இதைவிடச் சின்னதாகப் புளுக வராது. அவர் மனைவி ஓய்வுபெற்ற நர்ஸ். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பாதவள்.

"ஆமைக்கு பிரஷர் இருந்துச்சான்னும் முகர்ந்தே சொல்லியிருப்பீங்களே," என்பாள்.

தீவுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் படகுக்காரர் தன் வரைபடத்தை விரித்தார். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு ஆறு இடங்கள். ஒன்றில் மீன் அதிகம், ஒன்றில் கூட்டம் அதிகம், ஒன்றில் இழுப்பு அதிகம். சர்வேயர் ஆறையும் விட்டுவிட்டு, எதுவும் எழுதாத ஒரு சின்ன வட்டத்தில் விரலை ஊன்றினார். வரைபடத்தில் வெற்றிடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"அங்க யாரையும் இறக்குறதில்லைங்க."

"ஏன், சுறா கிறா இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க. மீன்கூட இல்லை. எங்கப்பாவும் இறக்கினதில்லை, நானும் இறக்கினதில்லை."

"பாத்தியா, யாரும் அளக்காத இடம்," என்று மனைவியிடம் திரும்பினார்.

"நீங்க அளந்து யாருக்குப் பட்டா போட்டுக் குடுக்கப் போறீங்க?" என்றாள் அவள். ஆனாலும் வந்தாள். நாற்பது வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

அது பவளப்பாறையால் ஆன வளையம். பெரிய கிணறு போல நடுவில் நீலம். வளையத்தில் ஒரே ஒரு திறப்பு, ஓர் ஆள் நுழையும் அகலம். படகைத் தள்ளியே நிறுத்தினார் படகுக்காரர். "ஒரு மணி நேரந்தான். தண்ணி இறங்கிட்டா திறப்புல நீந்த முடியாது. பாறை மேல ஏறி வந்தா உடம்புல தோல் மிஞ்சாது."

எங்கே நுழைந்தாலும் திரும்பி வர ஓர் அடையாளம் பிடித்துவைப்பது சர்வேயரின் தொழில் புத்தி. திறப்பின் ஓரமாகப் பாறையில் ஒரு மஞ்சள் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ நட்டது. போதும். குனிந்து தண்ணீரை முகர்ந்தார். உப்பு, பாசி, மீன், எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளருக்குக்கூட ஒரு வாசனை உண்டு.

"பன்னிரண்டு அடி," என்றார், கௌரவத்துக்காக.

உள்ளே, முகக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெயில் வலைபோல் விரிந்து மணலில் நெளிய, பாறைகள் மூளையைப்போலவும் விரல்களைப்போலவும் மடிந்து மடிந்து நிற்க, காதுக்குள் தன் மூச்சு மட்டும் குழாய் வழியே ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அவர் வாழ்நாளில் முதன்முறையாக மிகைப்படுத்தத் தேவையில்லாத ஓர் இடத்தைப் பார்த்தார். ஒரு மீன்கூட இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அதன் பிறகு அந்தச் சத்தம். அவர் மூச்சை இழுக்கும்போது ஒன்று. விடும்போது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று.

மனைவியின் மூச்சு என்று நினைத்தார். தலையைத் தூக்கினார். அவள் நாற்பது அடி தள்ளி மிதந்துகொண்டிருந்தாள்.

மஞ்சள் குச்சி இடதுபக்கம் இருந்தது. வலதுபக்கம் இருக்க வேண்டிய குச்சி.

அதை நோக்கி நீந்தினார். குச்சியின் ஓரத்தில் திறப்பு இல்லை, மூடிய பாறை. கையால் தடவிக்கொண்டே வளையத்தைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று. எங்குமே திறப்பு இல்லை.

"குச்சி நகருது," என்றார், மனைவியின் தோளைப் பிடித்து.

"நீங்கதான் சுத்துறீங்க. உங்களுக்குத் தலை சுத்துனா, குச்சி நடக்குதுங்கறீங்க." மிதவைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவளும் ஒரு சுற்று வந்தாள். அவளுக்கும் திறப்பு அகப்படவில்லை. "மண் சரிஞ்சு மூடியிருக்கும். படகுக்காரரைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். தொண்டை கிழியக் கூப்பிட்டார். படகுக்காரர் இவர்கள் பக்கமேதான் பார்த்தார். கரையில் நட்ட கம்பத்தைப் பார்ப்பதுபோல. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கடலை, எங்கோ தூரத்தில், அவர்களைத் தேடுவதுபோல.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாறையின் கூர் முனைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றோடு குச்சிகளும் வந்தன. ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை. ஒன்று வெயிலில் வெளுத்துப் பழைய எலும்பு நிறம். வளையம் முழுக்க.

குச்சிகள் இல்லை. குழாய்கள்.

மேல் முனையில் வளைந்த குழாய்கள். அவர் முகக்கண்ணாடியோரம் தொங்குகிறதே, அதேபோல. கீழ் முனை பாறைக்குள்.

ஹ்ஹ். ஹ்ஹ்.

எல்லாம் சேர்ந்து. அவர் மூச்சு விடும் தாளத்தில்.

கால் தரையில் பட்டது. பன்னிரண்டு அடி இருந்த இடம். வளையம் சிறுத்திருந்தது. முதுகில் பாறை உரசியது. இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

"அதுக்குள்ள ஆள் இருக்கு," என்றார் சர்வேயர். "மூச்சு விடுது. நான் கதை விடலை. சத்தியமா."

"அலை ஏறி இறங்குற காத்துங்க அது." அவள் குரலில் இன்னும் ஆஸ்பத்திரி வார்டின் அதட்டல் இருந்தது. "பயத்துல உளறாதீங்க. இருங்க, பாத்துச் சொல்றேன்."

நாடி பார்க்கப் போகிறவளைப்போல நிதானமாகப் போனாள். மஞ்சள் குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

வளையம் முழுக்க மூச்சு நின்றது.

அலை இல்லை. காற்று இல்லை. அவள் கையை இழுத்தாள். கை வரவில்லை. மறுபடி இழுத்தாள். உள்ளங்கை குழாய்க்குள் குழிந்து போயிருந்தது. மணிக்கட்டு வரை தோல் சுருங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது நிஜந்தாங்க," என்றாள். "மூச்சுதான். உறிஞ்சுது."