லாரியைத் தட்டியது யார்?

காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கடைக்கு முகப்புக் கண்ணாடி இருந்தது. சற்று நேரம் கழித்து இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு டெலிவரி லாரியின் பின்பக்கம் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு ஃபிரிட்ஜ்கள் நசுங்கிக் கிடந்தன.

நல்லவேளை, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. லாரியின் கிளீனர் மட்டும் கடைக்குள் ஒரு வாஷிங் மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

டிரைவர் குதித்து ஓடி வந்தார். "ஏன்டா தட்டினே?"

"நான் தட்டவே இல்ல மச்சான்."

வழக்கு முழுவதும் இந்த இரண்டு வரிதான். லாரி பின்னால் வரும்போது கிளீனர் கீழே நின்று பார்ப்பான். பாடியில் இரண்டு தட்டு தட்டினால் "வா" என்று அர்த்தம். ஒரே தட்டு என்றால் "நில்". பல வருஷமாக இவர்கள் ஓட்டுவது இப்படித்தான். டிரைவர் இரண்டு தட்டு விழுந்தது என்கிறார். கிளீனரோ, சரக்கை எந்தப் பக்கம் இறக்குவது என்று பார்க்கக் கடைக்குள் போயிருந்ததாகச் சொல்கிறான். அப்போது கடைக்குள் வேறு யாருமே இல்லை. பார்த்த சாட்சி அந்த வாஷிங் மெஷின் ஒன்றுதான்.

லாரி முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான், அது யாரென்று தெரிந்ததும் அவன் வேலைக்கு வர வேண்டாம்.

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். இங்கே விஷயம் அதைவிடப் பெரியது. கிளீனரின் மனைவி டிரைவரின் தங்கை. மூவருக்கும் ஒரே வீடு. அன்று கோபத்தில் டிரைவர், "உனக்கு என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததே தப்பு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் வீடு இரண்டாகிவிட்டது. அண்ணனை நம்பினால் புருஷன் பொய்யன். புருஷனை நம்பினால் அண்ணன் பொய்யன். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மறுநாள் காலை ஒரு பழைய ஸ்கூட்டரில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து இறங்கினாள். எதையும் நோண்டி நோண்டிக் கேட்பதால் ஆபீஸில் அவளுக்கு "நோண்டி" என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பட்டம் வாங்கியது மாதிரி இருந்தது.

கடைக்காரர் வாய் நிறைய வரவேற்றார். நஷ்டப்பட்ட ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. "நல்ல வண்டி மேடம், இப்பல்லாம் இந்த மாதிரி எங்க வருது?" என்று ஸ்கூட்டர் சீட்டைத் தட்டிக்கொடுத்தார். நசுங்காமல் தப்பித்த ஃபிரிட்ஜ் ஒன்றின் தலையில் பட் பட் என்று அடித்து, இதன்மேல் யானை ஏறினாலும் தாங்கும் என்றார். லாரி ஏறினால் தாங்காது என்பதைப் பக்கத்தில் கிடந்த இரண்டும் காட்டிக்கொண்டிருந்தன.

கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று நோண்டி கேட்டாள். அவர் அசடு வழிந்தார். விற்பதற்கு ஒரு டஜன் இருக்கிறது, மாட்டத்தான் நேரமில்லை.

"நேத்து நீங்க யாராவது சிக்னல் குடுத்தீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். புது மாடல் முதல் லோடு வந்திருக்கேங்கிற சந்தோஷம். எதிர்க்கடைத் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு போயிட்டேன். அங்க காலை வைக்கும்போதுதான் டமால்னு சத்தம்."

தச்சரும் அதையே சொன்னார். அவர் கையில் சுத்தியல் இருந்தது. நோண்டியின் கண் அதில் ஒரு நிமிஷம் நின்றது. டிரைவர், கிளீனரோடு அங்கே வந்திருந்த லாரி முதலாளி அதைப் பார்த்துவிட்டு, சுத்தியல் சத்தத்தைத் தட்டு என்று நினைத்திருப்பான், டிரைவருக்குத்தான் காது மந்தம் என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"காதைச் சோதிச்சுப் பாத்துடலாமே" என்றாள் நோண்டி.

லாரியை நேற்று நின்ற இடத்திலேயே தெருவில் நிறுத்தச் சொன்னாள். இன்ஜின் ஓட வேண்டும், கியர் போடக்கூடாது. டிரைவர் முன்னால் பார்த்தபடி உட்கார வேண்டும். நேற்று வந்த மாதிரி சிக்னல் வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கையும் வந்திருந்தாள். அண்ணன் பக்கமும் போகாமல் புருஷன் பக்கமும் போகாமல் கடைப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

தச்சர் தன் பட்டறையில் பலகையை ஓங்கி ஓங்கி அடித்தார். ஹாரன் வரவில்லை.

கிளீனர் வழக்கமான இடத்தில், லாரியின் வால் பக்கம், இரண்டு தட்டு தட்டினான். சற்றுத் தயங்கி ஹாரன் வந்தது. லாரி முதலாளி, "பார்த்தீங்களா?" என்று துள்ளினார். கிளீனரின் முகம் செத்துப்போனது.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "தட்டு வந்துச்சு மேடம், ஆனா நேத்து வந்தது இது இல்ல. இது தூரத்துல கேக்குது. நேத்து என் முதுகுலயே விழுந்துச்சு."

நோண்டி முதல் முறையாகச் சிரித்தாள். அவரை மறுபடி முன்னால் பார்க்கச் சொல்லிவிட்டு, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, கடைக்காரரைக் கூப்பிட்டாள். கடைக்காரர் லாரியின் ஓரமாகவே நடந்து வந்தார்.

"சார், பழைய வண்டி மாதிரி இருக்கே. இவ்வளவு சரக்கைத் தாங்குமா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? பாடியைப் பாருங்க, இரும்பு!" டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பாடியில், பட் பட்.

ஹாரன் தெருவையே தூக்கியது.

ஹாரன் நின்ற பிறகும் கடைக்காரரின் கை லாரியின் மேலேயே இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

நோண்டி மெதுவாகத்தான் சொன்னாள். "வந்ததிலிருந்து பார்க்கறேன் சார். ஸ்கூட்டரைத் தட்டினீங்க, ஃபிரிட்ஜைத் தட்டினீங்க. இந்தக் கடையிலிருந்து தச்சர் பட்டறைக்குப் போகணும்னா லாரி ஓரமாத்தான் போகணும். எல்லாரும் உங்ககிட்ட சிக்னல் குடுத்தீங்களான்னு கேட்டோம். வண்டியைத் தொட்டீங்களான்னு யாரும் கேக்கலை. நேத்து தட்டினீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேமரா கிடையாது, சாட்சி கிடையாது. நஷ்ட ஈடு முழுசாகக் கைக்கு வரும். கடைக்காரர் அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே யோசித்தார். கண்ணாடி போன கடையைப் பார்த்தார். படியில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்தார்.

"தட்டினேன் மேடம். ரெண்டு தட்டு. சந்தோஷத்துல தட்டினது. இது இப்படிக் கிளம்பும்னு எனக்கெப்படித் தெரியும்?"

பிறகு நோண்டி கணக்கைப் பிரித்தாள். பின்னால் ஆள் நிற்கிறானா என்று பக்கக் கண்ணாடியில் பார்க்காமல் எடுத்தது டிரைவர் தப்பு. டிரைவர் தப்புக்கு முதலாளி பொறுப்பு. தட்டை நம்பி ஓட்டவிட்டு, பின்பக்கம் ஒரு கேமராகூட வைக்காதது முதலாளியின் சொந்தத் தப்பு. ஆகவே நஷ்டத்தில் பெரும்பங்கு லாரியின் இன்ஷூரன்ஸிலிருந்து வரும். தெரியாமல் தட்டினாலும் தட்டு தட்டுதான், அதனால் ஒரு சின்னப் பங்கைக் கடைக்காரர் தாங்க வேண்டும். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை, யாருக்கும் வேலை போகக் கூடாது.

முழுசும் போகும் என்று பயந்திருந்த கடைக்காரருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிரும் வந்ததும் வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. லாரி முதலாளியின் தோளில் கை போட்டு, கேமரா தன்னிடமே நல்லதாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். முதலாளி முறைத்தார், ஆனால் விலை என்ன என்று கேட்டார்.

டிரைவர் இறங்கி வந்தார். கிளீனர் முன்னால் நின்றார்.  இத்தனை பேர் நடுவில் கண் கலங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. கலங்கியும்விட்டது.

"மாப்ளே, நேத்து ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதை எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு தெரியலை."

 அந்த வார்த்தை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் குடைந்தது கிளீனருக்குத்தானே தெரியும். படியிலிருந்து எழுந்து வரும் மனைவியைப் பார்த்தான்.

"அவகிட்டச் சொல்லுங்க மச்சான். எனக்கு வேணாம்."

டிரைவர் தங்கையிடம் திரும்பினார். அவள் அவரைப் பேசவே விடவில்லை. இரண்டு பேரும் நேற்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை, முதலில் வண்டியில் ஏறுங்கள் என்று திட்டினாள். திட்டும்போதே அழுதாள், அழும்போதே சிரித்தாள். ஒருவர் ஸ்டீயரிங் பக்கமும் ஒருவர் ஜன்னல் பக்கமும் உட்கார, நடுவில் ஏறிக்கொண்டாள். மூன்று பேருக்கு அந்தச் சீட்டில் இடம் போதவில்லை. யாரும் இறங்கவில்லை.