கொண்டல் உறங்காத லாயம்

ஆன்பொருநை நதியின் மீது அந்திப்பொழுது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே செக்கர் வானம் கரிந்து அடங்க, உச்சிவானில் நின்ற வளர்பிறை நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியைக் காய்ச்சி ஊற்ற, அக்கரையில் பாடி இறங்கியிருந்த பகைவரின் தீவட்டிகள் அந்த வெள்ளியில் சிந்திய குருதித் துளிகளென நடுங்கின. இக்கரையில் வெண்கோட்டுக் கோட்டையின் பெருங்கதவுகள் மூடத் தொடங்கிவிட்டன. அந்த வேளையிலும் மதிலுக்கு வெளியே, நாணற்காட்டின் ஓரத்தில், ஒரு கரிய குதிரையின் கழுத்தை அணைத்தபடி நின்றாள் ஓர் இளநங்கை.

அவள் வெண்கோட்டு வேளின் ஒரே மகள் கொற்றிநங்கை. குதிரையின் பெயர் கொண்டல். அவளை நோக்கி விரைந்து வந்த வீரன், குதிரைப் படைக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருந்த ஏனாதி எயினன்.

"நங்கையாரே, கதவு மூடப்படுகிறது. தங்கள் தந்தையாரின் ஆணை தாங்கள் அறியாததல்லவே?"

"அறிவேன், ஏனாதியாரே. இரவில் லாயத்தில் அடங்காத குதிரை பகைவர் கையில் சிக்கும், அல்லது தீயம்புக்கு வெருண்டு கோட்டைக்குள் ஓடி ஆட்களை மிதிக்கும். ஆகவே வெட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் வாளோடு வந்தீரா?"

"வாளை உறையிலேயே வைத்திருக்க வழி கேட்டு வந்தேன். பௌர்ணமி வரை வேளிடம் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் கொண்டலை நாம் லாயத்தில் பழக்கியாக வேண்டும்."

'நாம்' என்ற சொல்லைக் கேட்டு நங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குதிரையின் பிடரியைத் தொட்டு முன்னே நடந்தாள். கடிவாளமில்லாமலே கொண்டல் அவளைத் தொடர்ந்தது.

வாசகரே, இந்தக் குதிரைக்குக் கூரை என்றாலே ஏன் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தைய படைத்தலைவன் மழவன், நங்கைக்கு மணம் பேசப்பட்டவன், கொண்டலைக் குட்டியிலிருந்து வளர்த்தவன். ஒரு கோடையில் பழைய லாயம் தீப்பற்றியபோது, அவன் உள்ளே புகுந்து குதிரைகளை ஒவ்வொன்றாக வெளியே விரட்டினான். கடைசியாக வந்தது கொண்டல். அதன் பின்னால் மழவன் வருவதற்குள், தீ ஆயுதசாலைக்குப் பரவாமலிருக்க லாயத்தின் வாயிலை அடைக்கச் சொல்லி வேள் ஆணையிட்டுவிட்டார். மறுநாள் சாம்பலைக் கிளறியவர்களுக்கு அவனுடைய எலும்பு எது, உத்தரத்தின் கரி எது என்று தெரியவில்லை. அதே இடத்தில் கல்லால் புதிய லாயம் எழுந்தது. கொண்டல் அதன் நிழலைக் கூட மிதிக்காமல், மழையிலும் பனியிலும் ஆற்றங்கரையிலேயே வாழ்ந்தது.

மறுநாள் காலையிலேயே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். கண்ணைக் கட்டி உள்ளே இழுத்துவிடலாம் என்றான் எயினன்.

"இழுத்துவிடலாம். கட்டை அவிழ்க்கும்போது தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால், பிறகு உம்மையும் நம்பாது, என்னையும் நம்பாது" என்றாள் நங்கை.

ஊறவைத்த கொள்ளை அவள் முதலில் வாயிற்படியில் வைத்தாள், பிறகு படிக்கு உள்ளே, பிறகு இன்னும் சற்று உள்ளே. ஆற்றங்கரை அறுகையும் நாணலையும் அறுத்து வந்து தரையெங்கும் பரப்பினாள். கொண்டலின் கொட்டிலுக்கு அடுத்த கொட்டிலில் சாதுவான ஒரு கிழப் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியது எயினன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி நடுவிலிருந்த பலகைகளைப் பெயர்த்தான். வானம் தெரியும்படி கதவின் மேற்பாதியையும் கழற்றிவிட்டான். உள்ளே போவதும் உடனே வெளியே வருவதுமாக எத்தனையோ முறை அதை நடத்தினார்கள். உள்ளே போனால் அடைபட்டுவிடுவதில்லை என்பதை அந்த வாயில்லாச் சீவன் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டது. ஒருநாள் உச்சிவேளையில் அது தானாகவே உள்ளே போய்ப் பெட்டைக் குதிரையின் தோளில் தலையைச் சாய்த்து நின்றபோது, நங்கை எயினனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆயிற்றென்று குதிரைப்பாகர்கள் சொல்லக் கேட்டிருந்த எயினனுக்கு, அந்தச் சிரிப்பு நெஞ்சில் வேல்போல் பாய்ந்தது.

ஆனால் பகலெல்லாம் பழகிய குதிரை, பொழுது சாய்ந்ததும் வேறொன்றாகிவிடும். உடல் முழுவதும் வியர்க்கும். கால்கள் நிலைகொள்ளாது. வைக்கோல் அடுக்கிய மேற்குச் சுவரையே வெறித்துப் பார்த்துத் தணிந்த குரலில் கனைக்கும். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நள்ளிரவுக்குள் அதை முற்றத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியிருக்காது.

"செத்தவர் வந்து நிக்கறார் சாமி, அதான் பாக்குது. அந்தச் சுவர்கிட்டத்தானே அவர் கருகிப் போனாரு" என்றான் முதிய பாகன் ஓரி.

எயினன் பேய்க்கு அஞ்சியவன் அல்லன். ஆயினும் ஒன்றை அவன் கவனித்தான். பயந்த குதிரையின் செவிகள் பின்னால் மடியும்; கொண்டலின் செவிகளோ முன்னால் நீண்டு நின்றன. அந்தக் கனைப்பு அச்சத்தின் குரலாகவும் இல்லை. நெடுநாள் காணாதவரைக் கண்டால் எழும் குரலாக இருந்தது.

அதை நங்கையும் அறிந்திருந்தாள். ஒரு மாலையில் அவன் வந்தபோது அவள் அந்தச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

"இங்கே இருக்கிறீர்களானால், எனக்கு ஒருமுறை குரல் கொடுக்கக் கூடாதா?" என்று அவள் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. ஓசைப்படாமல் திரும்பிவிட்டான். இறந்தவன் ஒருவன் மீது பொறாமை கொள்வது எத்தனை இழிவு என்று தன்னையே கடிந்துகொண்டான். கடிந்தும் பொறாமை தணியவில்லை.

பௌர்ணமி வந்தது. முழுநிலவு மதிலுக்கு மேலே தலைகாட்டிய நேரத்தில், கொண்டலை நங்கை கடைசி முறையாக லாயத்துக்குள் அழைத்துச் சென்றாள். அதன் செவிகள் மேற்குச் சுவரை நோக்கி நீண்டதும், எயினன் பாய்ந்து சென்று வைக்கோலை வாரி எறியத் தொடங்கினான். அடியில் தரையோடு ஒரு கற்பலகை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பலகை கீழிருந்து அசைந்தது!

எயினன் வாளை உருவினான். பலகை விலக, லாயத்தின் கழிவுநீர் ஆற்றுக்குப் போகும் சுருங்கையிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. ஒரு கையில் எண்ணெய்க் குடம். மறு கையில் மூடியிட்ட நெருப்புச் சட்டி. முகத்தின் ஒரு பாதி வெந்து, உருகிய மெழுகு உறைந்தாற்போல் இறுகியிருந்தது. மறுபாதியை நங்கை அடையாளம் கண்டுகொண்டாள். கொண்டலோ அவளைத் தாண்டிச் சென்று அந்த வெந்த கன்னத்தில் தன் மூக்கை வைத்துத் தேய்த்தது.

"மழவரே!" என்றாள் நங்கை ஒருவாறு.

"மழவன் இந்த லாயத்தில் இறந்துவிட்டான், நங்கை. உன் தந்தை கதவை அடைத்தார். இந்தச் சுருங்கை வழியே ஊர்ந்து வெளியேறியவன் வேறொருவன். அவன் அக்கரை மன்னனின் ஒற்றன்."

"தீ வைக்க வந்தீரா?" என்று கேட்டான் எயினன்.

"ஆம். லாயம் எரிந்தால் காவலர் எல்லோரும் இங்கே ஓடி வருவார்கள். வாயில் காவலற்று நிற்கும். இத்தனை மாலைகளும் இந்தக் கல்லின் கீழே நெருப்போடு காத்திருந்தேன். மேலே கொண்டலின் மூச்சு கேட்டது. இவனை உள்ளே வைத்துத் தீயிட என் கை எழவில்லை. நாக்கைச் சொடுக்கி அழைத்தேன். நிலைகொள்ளாமல் தவித்தால் வெளியே கட்டுவீர்கள் என்று நம்பினேன். நீங்களோ, எங்கள் படை குறித்த வேளை கடந்த பிறகே இவனை வெளியே கொண்டுபோனீர்கள், மறுநாளும் உள்ளே கொண்டுவந்தீர்கள்." அவன் நங்கையின் பக்கம் திரும்பினான். "நங்கை, இவனை ஏன் வெட்டவெளியில் விட்டுவைக்கக் கூடாது? அங்கேதானே இவன் வாழ்ந்தான்?"

"வெளியே விட்டால் வெட்டிவிடுவார்கள். இவனை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி இல்லை."

மழவன் அதை அறிந்திருக்கவில்லை. "இன்று பௌர்ணமி. இன்றைக்கும் தீ எழாவிட்டால் எனக்கு அங்கே தலை இல்லை. கொண்டலை அழைத்துக்கொண்டு நீ வெளியே போய்விடு. உன்னை மன்றாடிக் கேட்கிறேன்."

எயினன் வாளோடு முன்னே அடியெடுத்து வைத்தான். நங்கை இருவருக்கும் நடுவே வந்தாள். கொண்டலின் நெற்றியில் வலக்கையை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொன்னாள்:

"கொற்றவையின் ஆணையாக, என்னைப் பெற்றவளின் ஆணையாக, இது சபதம்! அக்கரையில் பகைவரின் கூடாரம் ஒன்றேனும் நிற்கும் வரை நான் இந்த லாயத்தை விட்டு வெளியேற மாட்டேன். உண்பதும் உறங்குவதும் இங்கேதான், கொண்டலின் காலடியில்தான். என் தந்தை உமக்குச் செய்தது அநீதி. அதற்குப் பழி வாங்க உமக்கு உரிமை உண்டு. நெருப்பு உம் கையில்தான் இருக்கிறது. வைக்க வேண்டுமானால் வையும்!"

மழவன் எண்ணெய்க் குடத்தைக் கீழே வைத்தான். பிறகு குனிந்து, நெருப்புச் சட்டியைக் குதிரையின் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தான். உஸ்ஸென்று எழுந்த ஆவி அடங்குவதற்குள் அவன் சுருங்கைக்குள் மறைந்துவிட்டான். எயினன் எட்டிப் பிடித்திருக்கலாம். படைத்தலைவனாக அவன் செய்திருக்க வேண்டியதும் அதுவே. ஆனால் அவன் வாள் எழவில்லை.

அன்றிரவே நங்கை தந்தையை லாயத்துக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வேள் வைக்கோலின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுருங்கையின் வாய் பாறைகளால் அடைக்கப்பட்டது. தீயின் அடையாளத்துக்காகக் காத்திருந்த பகைவர் ஏமாந்தனர். மேற்கு மலையில் பெய்த மழையால் ஆன்பொருநை கரைபுரண்டு பாய, அவர்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு வடக்கே போனார்கள்.

கடைசித் தீவட்டியும் மறைந்த மாலையில் எயினன் லாயத்துக்கு வந்தான். கொண்டல் கால்களை மடக்கிப் புல்லின் மேல் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. அதன் விலாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் நங்கை.

"பகைவர் போய்விட்டனர், நங்கையாரே. சபதம் நிறைவேறிவிட்டது. இனித் தாங்கள் அரண்மனைக்குத் திரும்பலாம்." பிறகு, வெகுநாளாக நெஞ்சில் சுமந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "இறந்துவிட்டதாகத் தாமே சொல்லிப் போனவருக்காகத் தாங்கள் காத்துவந்த துயரமும் இத்தோடு முடியட்டும். அந்தத் துயரத்துக்குப் பிறகு ஒரு வாழ்வு உண்டென்றால், அதில் எனக்கும் ஓர் இடம் தருவீர்களா?"

நங்கை அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இறந்தவருக்காக என்றால் ஒருநாள் முடிந்திருக்கும், ஏனாதியாரே. இப்போது அவர் எங்கோ உயிரோடு இருக்கிறாரே!"