புளி போட்டுத் தேய்த்த சாமி

“அய்யோ... சாமியக் காணோம்!”

ஷீனாவின் அலறல் சின்னக்கானல் தேயிலை மேட்டையே உலுக்கியது.

பிரான்சும் இந்தியாவும் கூட்டாகத் தயாரிக்கும் புதையல் படம். அதற்குச் சிலை செய்தவள் ஷீனா. நேற்றோடு ஷூட்டிங் முடிந்தது. இன்று சாமான்கள் பிரான்சுக்குக் கிளம்புகின்றன. சிலைப் பெட்டியைத் திறந்தால்... வெறும் வைக்கோல்!

தயாரிப்பு மேனேஜர் அமர்நாத் ஓடி வந்தார். கல்பாத்திக்காரர். முகத்தில் ரத்தமே இல்லை.

“யாராக்கும் எடுத்தது? சொல்லிடுங்கோ!”

எஸ்டேட் சூப்பர்வைசர் சுடலைமணி, கொழுந்து பறிக்கும் முருகேஸ்வரியை முறைத்தார். படத்தில் கூட்டத்தோடு நின்று சிலையைக் கும்பிட்டவள் அவள்.

“ஏ முருகேஸ்வரி! பெட்டிப் பக்கம் உன்னையத்தான் பாத்தாக. சாமி வரலேன்னா வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு. சட்டிபானையத் தூக்கிட்டு நடையக் கட்டு!”

எஸ்டேட் கொடுத்த அந்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

“நான்தாண்ணே எடுத்தேன்...”

“திருடினியா?”

“குளிப்பாட்டினேன்!”

எல்லோரும் விழித்தார்கள்.

“நேத்து தேங்கா ஒடச்சு, சூடம் காட்டிக் கும்பிட்டோம்ல? நடிப்புன்னாலும் கும்பிட்டது கும்பிட்டதுதானே! அழுக்கோடவா ஊருக்கு அனுப்பறது? பைப்படியில வச்சு, புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சேன்.”

பக்கத்திலிருந்த கொழுந்துச் சாக்கை விலக்கினாள்.

பெயிண்ட் போன இடமெல்லாம்... தகதக!

அமர்நாத் பாய்ந்து சாக்கை இழுத்து மூடினார்.

“சரி சரி! பாவம், அவளை விட்டுடுங்கோ. போலீஸெல்லாம் வேண்டாம். ஃபைபர் பொம்மைதானே!”

ஷீனா சிலையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

அசையவில்லை!

“சாரே... நான் செஞ்சத ஒத்தக் கையில தூக்கலாம். இது நான் செஞ்சதே இல்ல!”

“எனக்கும் இடுப்பு ஒடிஞ்சு போச்சு,” என்றாள் முருகேஸ்வரி. “சாமின்னா கனமாத்தான் இருக்கும்னு தூக்கிட்டேன்.”

அமர்நாத் மெல்ல நழுவினார். கார்க் கதவில் கை வைத்தார்.

குறுக்கே வந்து நின்றது போலீஸ் ஜீப்!

“சாமி இல்லேன்னதுமே நான் போலீஸை ஃபோன்ல விளிச்சாச்சு சாரே,” என்றாள் ஷீனா.

இன்ஸ்பெக்டர் ஏசுதாஸ் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஷீனாவின் ஃபைபர் சாமி சாவகாசமாகப் படுத்திருந்தது!

கோயிலில் திருடிய ஐம்பொன் சிலை. அதற்குப் பெயிண்ட் அடித்து, சினிமா பொம்மை என்று சொல்லிக் கடல் தாண்ட வைப்பது. அதுதான் அமர்நாத்தின் திட்டம்.

“புதையல் படத்துக்குள்ளேயே புதையலா!” ஏசுதாஸ் விலங்கை மாட்டினார்.

“புளின்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேனே...” அமர்நாத் முனகினார்.

சுடலைமணி பல்லைக் காட்டினார். “வீடு உனக்குத்தாம்மா. அண்ணன் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்.”

“சிலை ஸ்டேஷனுக்கு வரணும்,” என்றார் ஏசுதாஸ். “கேஸ் முடியற வரைக்கும் நம்ம ஏட்டு பாத்துக்குவாரு.”

முருகேஸ்வரி ஜீப்பருகே நின்ற அந்த ஏட்டை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை முழுக்கப் பரோட்டா சால்னா.

“அப்ப மொதல்ல அவரக் குளிக்கச் சொல்லுங்க சார்!”