நூற்றுப் பதினான்காவது வாடிக்கையாளர்

நூற்றுப் பதின்மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினான்கு இருந்தது.

மதன்குமார் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் எண்ணினான். வெளியே ஆடிக் காற்று அல்லிநகரத்துத் தெருவில் கிடந்த பிளாஸ்டிக் பைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்து மிளகாய் வற்றல் கிட்டங்கியின் நெடி மாடிப்படி ஏறி, ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டிக் கிடந்த பக்கத்து அறைகளின் கதவிடுக்குகளில் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் இவனிடம் வந்து நின்றது. தும்மினான். அந்த மாடியில் அவனைத் தவிர யாரும் இல்லை. தும்மல் மட்டும் வராந்தா முழுக்க நடந்துவிட்டுத் திரும்பி வந்தது.

அண்டசராசரம் குளோபல் டெக்னாலஜீஸ் என்பது கம்பெனியின் பெயர். இரண்டு அறை, நான்கு கணினி, அதில் மூன்று ஓடும். முதலாளி பாண்டியராஜன் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பதவிகள் விசிட்டிங் கார்டின் முன்பக்கத்தில் இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தன. ஏலக்காய் வியாபாரி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், பல் டாக்டர் என்று தேனி வட்டாரத்து நூற்றுப் பதின்மூன்று பேருடைய இணையதளங்களும் இதுவரை தனித்தனியாக இருந்தன. அத்தனையையும் ஒரே மென்பொருளுக்குள், ஒரே டொமைனுக்குக் கீழே இன்று காலையில்தான் மதன்குமார் கொண்டுவந்து முடித்திருந்தான். கம்பெனியின் முகவரிக்கு முன்னால் ஒரு புள்ளி, புள்ளிக்கு முன்னால் வாடிக்கையாளரின் பெயர். "ஒரே வீடு, நூத்திப் பதிமூணு வாசல்!" என்று தொடக்க விழாவில் பாண்டியராஜன் முழங்கி, தாமே வாங்கிவந்த சால்வையை யாரோ தமக்குப் போர்த்தக் குனிந்து கொடுத்தார்.

ஒவ்வொரு வாசலையும் பெயர் சொல்லித் தனித்தனியாகப் பதிவதுதான் முறை. மதன்குமார் அப்படித்தான் செய்ய நினைத்தான். ஆனால் புது வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் முதலாளி அவருடைய கடைப் பெயரைப் புள்ளிக்கு முன்னால் அடித்துக் காட்ட, 'இந்தப் பக்கம் இல்லை' என்று திரை சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது.

"இல்லைங்கிற சொல்லே நம்ம கம்பெனில இருக்கப்படாது மதனு. எவன் எந்தப் பேர அடிச்சாலும் தொறக்கணும்."

பெயர்களுக்குப் பதிலாக ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டான். அதன்பின் யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சர்வர் 'இருக்கிறேன்' என்றது. ஆளே இல்லாத பெயருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று கேட்டான். நன்றாக விலைபோகும் மாதிரியையே போடச் சொன்னார் முதலாளி. அது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். அடித்த பெயர் தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே மாலை, கீழே எரியும் விளக்கு.

"தன் பேர அடிச்சுப் பாக்குறவன் பயந்துர மாட்டானா சார்?"

"பயந்தா என்ன? உடனே நமக்குப் போனப் போடுவான்ல."

நூற்றுப் பதினான்காவது வரியில் இருந்த பெயர் மகிழ்.

அபிதா பிரசவத்துக்காக தேவதானப்பட்டியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆணென்றாலும் பெண்ணென்றாலும் மகிழ் என்று போன வியாழக்கிழமைதான் இருவரும் முடிவு செய்தார்கள். பிறப்பதற்கு முன் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அவள் அம்மா முத்துப்பேச்சி கண்டித்திருந்ததால் வேறு யாருக்கும் தெரியாது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பெயர் பிடித்துவிட்டால், அது காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் கை போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்த ஈரத்தோடு, புள்ளிக்கு முன்னால் அந்தப் பெயரை அடித்தான்.

நட்சத்திரம் பதில் சொன்னது. கண்ணீர் அஞ்சலி. மகிழ். தோற்றம்: காலி. மறைவு: காலி. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்.

சட்டென்று மூடிவிட்டான். வெறும் மாதிரிப் பக்கம்தானே என்று சொல்லிக்கொண்டான்.

பார்ப்பதால் மட்டும் ஒரு பெயர் பட்டியலில் ஏறாது. கடவுச்சொல் தெரிந்த ஒருவர் உள்ளே போய்ச் சேர்க்க வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரான முதலாளிக்கு அதை எங்கே அடிப்பது என்று தெரியாது.

நீக்கினான். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' ஆமாம். நூற்றுப் பதின்மூன்று. மூச்சு விட்டான். பிறகு, பூட்டிய கதவை ஆட்டிப் பார்ப்பதுபோல, பெயரை அடித்துப் பார்த்தான். பட்டியலில் இல்லாவிட்டால் என்ன? நட்சத்திரம் இருக்கிறதே. பக்கம் திறந்தது.

தோற்றம் என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது.

பட்டியலுக்குத் திரும்பினான். நூற்றுப் பதினான்கு.

கைபேசி அடித்தது. அபிதா.

"ஏங்க, பயந்துறாதீக. காலைல இருந்தே லேசா வலிச்சுச்சு. இப்ப பெரியகுளம் ஆஸ்பத்திரில சேத்துட்டாக."

"பத்து நாள் இருக்குன்னாகளே?"

"அத உங்க பிள்ளகிட்டத்தான் கேக்கணும். வந்துருவீகள்ல?"

"ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

பைக்கில் போனால் அரைமணி நேரத்துக்கும் குறைவு. சாவியை எடுத்தான். கதவு வரை போனான். காற்று வெளியிலிருந்து கதவை அழுத்திப் பிடித்திருந்தது. கடைசியாக ஒரு முறை என்று திரும்பி வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

சாம்பல் கட்டத்தில் படம் ஏறிக்கொண்டிருந்தது. கிராமத்து இணைப்பில் ஏறுவதுபோல, மேலிருந்து ஒவ்வொரு கோடாக. முதலில் வெள்ளைத் துணி. பிறகு அதன் பச்சைக் கரை. கரையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. அவனுடைய பழைய வேட்டி. பிறந்த பிள்ளையைச் சுற்ற மெத்தென்று இருக்கும் என்று அபிதா கிழித்து மடித்து எடுத்துப்போனது.

படம் அங்கேயே நின்றது. துணிக்குக் கீழே இன்னும் வரவில்லை.

சாவியைக் கீழே வைத்தான். இதை இப்படியே விட்டுவிட்டுப் போனால் மிச்சமும் வந்துவிடும் என்று ஏனோ தோன்றியது. நட்சத்திரத்தையே எடுத்துவிட வேண்டும். நூற்றுப் பதின்மூன்று வாசலும் அடைபடும். அடைபடட்டும். வேலை போகும். போகட்டும். ஆனால் அதை எடுக்க ஒரு ஓடிபி வேண்டும். அது முதலாளியின் போனுக்குத்தான் வரும். முதலாளி மதுரையில் 'இளம் தொழில்முனைவோர்' விருது வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

ஏழாவது முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வர கேசட் ஓடியது.

"ஏலே, மேடைல உக்காந்துருக்கேன்டா!"

"சார், அர்ஜென்ட்டு. ஒரு ஓடிபி வரும். சொல்லுங்க சார்."

"எதுக்கு?"

பொய் சொன்னான். "சர்வர இன்னும் உலகத்தரமாக்க சார்."

"அப்படிச் சொல்லு!" ஆறு எண்களையும் மைக்கில் பேசுவதுபோலவே வாசித்தார். "விருது வாங்கவும் பெரிய ஸ்கிரீன்ல நம்ம சைட்டத் தொறந்து காட்டச் சொல்லிருக்கேன். மானத்தக் காப்பாத்திரு."

நட்சத்திரத்தை நீக்கினான். திரை மரியாதையாக ஒரு வரி சொன்னது: 'மாற்றம் உலகம் முழுவதும் பரவ நாற்பத்தெட்டு மணி நேரம் வரை ஆகலாம்.'

நாற்பத்தெட்டு மணி நேரம்.

கல்யாண மண்டபத்தை அடித்தான். இந்தப் பக்கம் இல்லை. பள்ளிக்கூடம். இல்லை. ஏலக்காய். பல் டாக்டர். இல்லை, இல்லை. பரவ நேரமே ஆகவில்லை. அத்தனை வாசலும் ஒரே வீச்சில் சாத்தியதுபோல் அடைபட்டுவிட்டன. சிரிப்பு வந்தது அவனுக்கு. அந்தப் பெயரை அடித்தான்.

திறந்தது.

நெற்றி வந்திருந்தது. ஈரமான முடி. ஒரு புருவம்.

அபிதாவைக் கூப்பிட்டான். முத்துப்பேச்சிதான் எடுத்து அவள் காதில் வைத்தாள். மூச்சு வாங்குவது கேட்டது.

"அபி, அந்தப் பேரு வேண்டாம்."

"என்னது?"

"மகிழ் வேண்டாம். மாத்திருவோம்."

"வலில செத்துக்கிட்டிருக்கேன், இப்பத்தான் பேருக்குப் பஞ்சாயத்து வைக்கிறீகளா?" வலியிலும் சிரித்தாள். "சரி, வேற ஒண்ணு யோசிங்க. நான் உள்ள போறேன்."

யோசித்தான். நிலன். வாயில் சொல்லவில்லை. எங்கும் அடிக்கவில்லை. நினைத்தான், அவ்வளவுதான்.

பட்டியலில் நூற்றுப் பதினைந்து.

திறக்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டே திறந்தான். கண்ணீர் அஞ்சலி. நிலன். அதே பச்சைக் கரை. அதே தழும்பு. அதே ஈர முடி. இப்போது மூக்கும் வந்துவிட்டது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எதையும் நினைக்கக்கூடாது. எந்தப் பெயரையும். ஆனால் நினைக்காதே என்றால் மனசு கேட்குமா? பள்ளியில் உடன் படித்தவன் பெயர். பஸ்ஸில் யாரோ யாரையோ கூப்பிட்ட பெயர். தாத்தா பெயர். ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் விரட்டினான். கண்ணைத் திறந்தபோது பட்டியல் தானாக மேலே ஓடிக்கொண்டிருந்தது. நூற்று இருபத்தாறு. நூற்று முப்பத்தொன்று.

மெயின் சுவிட்சை இறக்கினான். விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. சர்வர் இங்கே இல்லை, மும்பையிலோ எங்கோ இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. கணினித் திரை அணையவில்லை. அதற்கு மட்டும் முதலாளி தனி பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார். உலகத்தரம்.

போன். பாண்டியராஜன். குரலில் மேடை இல்லை. வெறும் ஆள்தான் இருந்தார்.

"மதனு... என்னத்தடா போட்டு வச்சிருக்க?"

"சார்..."

"கம்பெனி அட்ரஸ அடிச்சாக. பெரிய ஸ்கிரீன்ல ஒரு பச்சப்புள்ள படம் வருது. மாலையோட. யாருடா அது? கண்ண மூடிக் கெடக்கு. நடத்துறவரு மைக்க வாங்கி, ஒரு நிமிசம் மௌன அஞ்சலின்னு சொல்லிட்டாரு. ஆயிரம் பேரும் எந்திருச்சு நிக்கிறாக. நானும் நிக்கிறேன்டா. யாரும் உக்கார மாட்டேங்கிறாக."

போனில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஆயிரம் பேர் சத்தமில்லாமல் நிற்கும் சத்தம்.

துண்டித்தான்.

வெளியே காற்று நின்றிருந்தது. ஆடியில் அது நிற்காது. பிளாஸ்டிக் பைகள் எதிர்ச் சுவரிலேயே ஒட்டியபடி இருந்தன. மிளகாய் நெடி போய், வேறு ஒரு வாசனை. மருந்து. டெட்டால். ஈரத் துணி.

மறுபடி போன். வீடியோ அழைப்பு. முத்துப்பேச்சி.

எடுத்தான். முதலில் ஆஸ்பத்திரிக் கூரை. பிறகு ஒரு காது. பிறகு அவள் முகம், பல்லெல்லாம் தெரிய.

"மாப்ளே! பையன் மாப்ளே! அபிதா நல்லாருக்கா. எங்கன இருக்கீக? இன்னும் கெளம்பலையா?"

"பிள்ள... பிள்ள எப்படி இருக்கான் அத்த?"

"தங்கம் மாப்ளே. அழுகவே இல்ல. அம்புட்டுச் சாந்தம். டாக்டரம்மா உள்ள கொண்டுபோகணும்னு பறக்குறாக. ஒரு நிமிசம் பொறுங்கம்மா, அப்பனுக்குக் காட்டிட்டுத் தாரேன்னு புடிச்சு வச்சிருக்கேன். இந்தா, பாருங்க."

போன் ஆடியது. நின்றது.

வெள்ளைத் துணி. பச்சைக் கரை. தழும்பு. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. மூடிய கண்.

"தூங்குறான் பாருங்க," என்றாள் முத்துப்பேச்சி.

கணினியில் பட்டியல் போய் அஞ்சலிப் பக்கம் வந்து நின்றிருந்தது. கை தானாக உயர்ந்தது. போனைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். இரண்டு படம். ஒரே மடிப்பு. ஒரே வெளிச்சம். ஒன்றில் மாலை. இன்னொன்றில் இல்லை. பின்னால் யாரோ ஒரு பெண் "இங்க குடுங்கம்மா, சீக்கிரம் குடுங்க" என்று கத்தினாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பார்த்தான்.

ஒன்றில் துணி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

அது போனில் இல்லை.