சிப்பாய்களைத் திருடியவள்

"எந்திரி! அந்தக் கறுப்போடயே வெளிய போ!"

மென்ஸி இறந்து ஓராண்டு முடிந்து, அவன் மனைவி ஸோத்வா துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையைக் களைய வேண்டிய காலை அது. தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில் மாமியார் கழற்றிவிடாத கறுப்போடு போகிறவளைப் பெற்ற தாய்கூட வாசலில் ஏற்றமாட்டாள்.

மாமியார் மாகுமாலோவின் கையில் இரண்டு அட்டைகள். ஸோத்வாவின் பெட்டியைக் குடைந்து எடுத்திருந்தார். ஒரு பொட்டு ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சிப்பாய்கள் எத்தனை மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் எண்ணி எழுதித் தரும் அட்டைகள் அவை.

"எம் மவனுக்குப் பதினொண்ணு. உனக்குத் தொள்ளாயிரம்! ரெண்டு பேருக்கும் ஒரே நோய்... அவன் குச்சியாப் போய்ச் செத்தான், நீ கொழுகொழுன்னு நிக்கிறே! என்ன மருந்து வச்சுடி அவன் சிப்பாய்ங்களை உறிஞ்சினே?"

'நான்தான் உனக்கு இந்த நோயைக் கொண்டுவந்தேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதே' என்று சாகும்போது மென்ஸி கேட்டிருந்தான். அந்த ஒரு வாக்குக்காக ஓராண்டாக ஸோத்வா எல்லா ஏச்சையும் விழுங்கினாள், பாவி!

ஆராய்ச்சிக்காக மாதாமாதம் அவள் ரத்தம் எடுக்க வரும் நர்ஸ் புயி, வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சொல்லட்டுமா என்பதுபோல் ஸோத்வாவைப் பார்த்தாள். அவள் சரியென்று தலையசைத்தாள்.

"அம்மா, ஒருத்தர் சிப்பாய் இன்னொருத்தர் உடம்புக்கு ஓடாது. டி செல்லுன்னு அதுக்குப் பேரு. அதுல ரெண்டு வகை: ஆள் திரட்டுறவன் ஒருத்தன், கொல்றவன் ஒருத்தன். இந்த எச்.ஐ.வி. கிருமி ஆள் திரட்டுறவனுக்குள்ளயே குடிபுகுந்துடும். அப்படிக் கெட்டுப்போனவனைத் தேடிக் கொல்றதுதான் மத்தவன் வேலை. கிருமி வேஷம் மாத்தி மாத்தி வந்து கிட்டத்தட்ட எல்லாருக்கும் அந்தக் கொல்றவனைக் களைக்க வச்சிரும். நூறு பேருல ஒருத்தருக்குக் களைக்காது. உங்க மருமக அந்த ஒருத்தி. மென்ஸி படுத்துக் கிடந்தப்ப இவ என் காலைப் பிடிச்சா... 'என் ரத்தம் பூராவும் அவருக்கு ஏத்துங்க சிஸ்டர்'னு! அப்படியெல்லாம் முடியாதுன்னு திருப்பி அனுப்பினவ நான்தான்."

மாகுமாலோவின் கையிலிருந்த அட்டைகள் கீழே விழுந்தன.

"அப்போ... இந்த வீட்டுக்கு அந்த நோயைக் கொண்டுவந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"பொய் சொல்லாதடி!" மாகுமாலோ மார்பில் அறைந்துகொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியே அவன் இந்த நோய்க்கு மாத்திரை முழுங்கினதை நான் பாத்தேன். தெரிஞ்சா நீ வரமாட்டியேன்னு... ஒளிச்சு வைடான்னு நான்தான் சொன்னேன். நீ பாத்துடுவியோன்னு பயந்து அவன் மாத்திரையையே விட்டுட்டான்!"

தன்னை ஏமாற்றியதுகூட ஸோத்வாவுக்கு உறைக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை! தெனமும் என் கையாலயே குடுத்திருப்பேனே... அவர் உசுரோட இருந்திருப்பாரே!"

இருவரும் கட்டிக்கொண்டு கதறினார்கள். வெகுநேரம் கழித்து மாகுமாலோ விலகி, கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேற யாரையாவது கூப்பிடு. உன் கறுப்பைக் கழட்ட இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை."

"எனக்கு வேற யாரு இருக்கா அத்தை... நீங்களே கழட்டுங்க."