நிறுத்தலாமா?

மூன்றாவது தடவையும் சவரிமுத்துவின் நிழலிதயம் நின்றுபோனது. படுக்கையில் கிடந்த அவருடைய சொந்த இதயம் மட்டும் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது.

எண்பத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நிமோனியாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து ஐந்து நாள். அவருடைய ரத்தத்தையும் துடிப்பையும் வைத்துத் திரைக்குள் கட்டிய கணிப்பு இதயம்தான் நிழல். எந்த மருந்தையும் முதலில் அதற்குத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆறு மணி நேரத்தில் நடக்கப்போவதை ஆறே நிமிடத்தில் காட்டிவிடும்.

துடிப்பைச் சீராக்கும் மருந்துகள் மூன்று. மூன்றிலும் நிழல் செத்தது.

டாக்டர் இசக்கியம்மாள் திரையில் ஓடிய துடிப்புக் கோட்டை உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் பிடித்தது. அந்த நேரத்தை நீட்டுவது எது? சளிக்குப் போகும் ஆன்டிபயாடிக், வாந்திக்கு ஊசி, பிதற்றலுக்கு மாத்திரை. தனித்தனியே எல்லாம் சாது. சேர்ந்தால்?

நிழலிடம் எல்லோரும் ‘கொடுக்கலாமா’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நிறுத்துவதற்குப் பொத்தானே கிடையாது. ஊசிக்கும் மாத்திரைக்கும் அளவைப் பூஜ்யமாக்கி, ஆன்டிபயாடிக்கை மாற்றி, கொஞ்சம் மக்னீசியம் சேர்த்து ஓடவிட்டார்.

நிழல் நிற்கவில்லை. நான்காம் நிமிடம் சீராகத் துடித்தது.

சவரிமுத்துவின் மகள் ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “போற மருந்தையும் நிப்பாட்டுதீங்களா டாக்டர்? கைய விரிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. அப்பாவோட இதயத்துக்கு இப்ப பாரம் ஜாஸ்தி. இறக்கி வைக்கிறோம், அவ்வளவுதான்.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“நான் இங்கேயேதான் இருப்பேன்.”

இருந்தார். நான்கு மணி நேரத்தில் கோடு சீரானது. நாலாம் நாள் சவரிமுத்து மீன்குழம்பு கேட்டார்.

விஷயம் பரவியது. நிழலில் ‘நிறுத்தலாமா?’ என்று புதுப் பொத்தான் வந்தது. இசக்கியம்மாளுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது. அதிலிருந்து, நிழலைக் கேட்காமல் யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை. கோமதி என்ற எழுபத்தொன்பது வயது அம்மாளுக்குப் படபடப்பைக் குறைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. துடிப்பு அறுபது, ஐம்பது, முப்பத்தெட்டு என்று இறங்கியது. உதடு வெளுத்தது.

“மூடிரட்டுமா டாக்டர்?” செவிலியர் பாக்கியத்தின் கை குழாய்த் திருகில் இருந்தது.

“இருங்க சிஸ்டர், நிழல்கிட்ட கேட்டிருக்கேன்.” இசக்கியம்மாளின் கண் திரையில் இருந்தது.

“எவ்வளவு நேரம்?”

“ஆறு நிமிஷம்.”

சொன்ன பிறகுதான் இசக்கியம்மாளுக்குத் தன் குரலே காதில் விழுந்தது. பாக்கியம் அதற்குள் திருகி மூடியிருந்தார். இசக்கியம்மாள் விழித்துக்கொண்டவர்போலத் துடிப்பை ஏற்றும் ஊசியைப் போட்டார். முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து, அறுபது. கோமதி கண் திறந்து, “ஏன் எல்லாரும் நிக்கீக?” என்றார்.

அப்போதுதான் திரையில் பதில் வந்தது: ‘உடனே நிறுத்தவும்.’ அதன் கீழே ஒரு சிவப்புப் பெட்டி: ‘அனுமதிக்கு முன்பே நிறுத்தப்பட்டுள்ளது. காரணம்?’

இசக்கியம்மாள் ‘நோயாளியைப் பார்த்தோம்’ என்று தட்டினார்.

அப்படியொரு காரணம் பட்டியலில் இல்லை என்றது பெட்டி.