சாவிக்குப் பின்னால் இருந்த ஸ்விட்சு

அன்று காலை ராம்பிரசாத் காரைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே நின்றுவிட்டது. காப்பியோடு வந்த மனைவி சிவரஞ்சனிக்கு அந்த அமைதி என்னவோ போலிருந்தது. ஆறு வருடமாக அந்தப் பழைய ஜெர்மன் டீசல் கார் சாவிக்குக் கட்டுப்பட்டதே இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு காற்றை உறிஞ்சும். சாவிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்சு வழியாக அந்த உறிஞ்சல் போய்ச் சேர்ந்தால்தான் எஞ்சின் அணையும். ஸ்விட்சில் லீக். தினமும் பானெட்டைத் திறந்து ஒரு கம்பியை அமுக்கித்தான் நிறுத்துவான்.

"பாத்தியா ரஞ்சி, இவகூட சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சுட்டா. நீ எப்ப?"

"யாரு சரி பண்ணுனா?"

"ஜக்கையன் அண்ணனாத்தான் இருக்கும். காப்பியக் கொண்டா, மேல தோட்டத்துல சோலி கெடக்கு."

சாயங்காலம் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது பதினோராவது வளைவில் கார் அவனோடு பள்ளத்துக்குள் போனது.

ஜீப்பு ஓட்டிய காலத்துப் பழக்கம் அவனுக்கு. செக்போஸ்ட் தாண்டியதும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருப்பிவிடுவான். லீக் இருந்தவரை சாவியைத் திருப்பியும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்குக்குப் பலம் கொடுப்பதும் அதே பம்புதான். அன்று எஞ்சின் நிஜமாகவே நின்றது. பம்பும் நின்றதால் நாலு மிதியில் பிரேக் பிடிக்காமல் கல்லாகியிருக்கும்.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கியவர் மெக்கானிக் ஜக்கையன். நொறுங்கிய கார் முந்தல் ரோட்டில் அவருடைய பட்டறையில் கிடந்தது.

"நான் அதைத் தொடல ஆத்தா. அழகுராஜாதான் புது ஸ்விட்சு வாங்கிட்டுப் போனாப்ல. நான் மாட்டித் தர்றேன்னேன். வேணாம்னுட்டாரு."

அழகுராஜா ராம்பிரசாத்தின் தம்பி. அண்ணனின் ஜீப்பில் கிளீனராக இருந்தவன். ஏலத்தோட்டத்தை இருவருக்கும் பாகம் பிரிக்கும் பத்திரம் அந்த வாரம்தான் பதிவாக இருந்தது.

ஜக்கையன் சாப்பிடப் போன ஒரு மத்தியானம். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தமிட, டீசல் நாற்றமும் பக்கத்து ஸ்டோரில் உலரும் ஏலக்காயின் வாசமும் தொண்டையில் ஒட்ட, அவள் காரின் நசுங்கிய மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றபோது டேஷ்போர்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பல்லிடுக்கில் யாரோ காற்றை இழுப்பதுபோல, மெல்ல, விடாமல், உள்ளே மட்டும். வெளியே விடும் சத்தம் வரவேயில்லை.

எஞ்சினும் பம்பும் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தன.

ஸ்டியரிங்கிற்கு அடியில் தொங்கிய மெல்லிய குழாயின் முனையில் விரலை வைத்தாள். விரலை அது இழுத்தது. பிடுங்கிக்கொண்டாள். நுனியில் சிவப்பாக ஒரு வட்டம். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஓடவில்லை. போனை எடுத்தாள்.

"தம்பி, நீங்க மாட்டுன ஸ்விட்சு லீக்காம். அதனாலதான் அவரு போனாருன்னு ஜக்கையன் ஊரெல்லாம் சொல்றாரு."

"என் கைவேலையில லீக்கா? அந்தாளு மண்டையிலதான் மதினி லீக்கு. இருங்க, வர்றேன்."

அரைமணியில் வந்தான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தான்.

"எறக்கத்துல அவரு சாவியத் திருப்புவாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல தம்பி?"

"போடிக்கே தெரியும் மதினி." சிரித்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்கள் லீக் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, முனையை நாக்கால் அடைப்பார்கள். நாக்கை அது கவ்விக்கொண்டு நின்றால் லீக் இல்லை. அழகுராஜா உறிஞ்சினான். கவ்வியது. பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

பிறகு குழாயை இழுத்தான். வரவில்லை.

மறுபடியும் இழுத்தான்.

டக். அந்தக் காரில் கதவுப் பூட்டுகள் இறங்குவதும் உறிஞ்சலில்தான். டக். டக். டக்.

கன்னங்கள் குழிந்தன. நாக்கு நீண்டது. கை கதவை அறைந்தது. முன்கண்ணாடி இல்லாத இடைவெளி வழியாகக் கையை நீட்டினால் அவளுக்குக் குழாய் எட்டும். ஒரு அறுப்பு போதும். வேலைமேசையிலிருந்து பிளேடை எடுத்தாள். அவன் கண்கள் அதையே பார்த்தன.

"தெரிஞ்சுதான் மாட்டுனீங்க?"

ஆமென்று தலையாட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான்.

"சரி" என்றாள்.

அப்படியே நின்றாள். அவன் முகம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உதடு. கன்னம். கண். உள்ளே மட்டும். தலை ஆடுவது நின்றது. அதன் பிறகும் இழுப்பு நிற்கவில்லை.

அவள் கையில் பிளேடு, காகித உறை பிரிக்கப்படாமல் இருந்தது.